ராமுத்தாயின் கிளுவை வேலி

ராமுத்தாய் வாக்கப்பட்டு வந்த புதிதில் எங்கள் ஊர் அவளுக்கு வைத்த பெயர் தேவாங்கு. குச்சிக் கை, குச்சிக் கால், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள். ஆரம்பித்து வைத்தது மாமியார்தான். "எம் மகனுக்கு ஒரு தேவாங்கப் புடிச்சாந்து கட்டி வச்சுட்டாகளே" என்று குழாயடியில் ஒரு நாள் சொன்னாள். எங்கள் ஊருக்கு அது போதும். ஒருவரை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிடுவதில் எங்களுக்கு அவ்வளவாக இஷ்டம் கிடையாது. ராமுத்தாய் தேவாங்கைப் பார்த்ததில்லை. அது திட்டு என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கரடு என்றால், மலை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற பாறைக் குன்று. மேலே கொஞ்சம் காடு. அந்தக் காட்டு விளிம்பிலிருந்து பஸ் ரோடு வரைக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் கிளுவை வேலி போட்டிருந்தார்கள். கிளுவை, முள் உள்ள குட்டை மரம். அதன் போத்தை ஒடித்து ஊன்றினாலே வேர் பிடித்துவிடும். நாலைந்து வருஷத்தில் ஒன்றோடொன்று பின்னி ஆள் உயரத்துக்கு மேலே சுவர் மாதிரி நிற்கும். அதன்மேல் கோவைக்கொடி ஏறும், பிரண்டை ஏறும், முசுமுசுக்கை ஏறும். உள்ளே ஓணானும் தவிட்டுக்குருவியும் சாரைப்பாம்பும் குடியிருக்கும். ஆடு மாட்டைத் தடுக்க மனிதன் வைத்த வேலிதான். ஆனால் அதற்குள் எத்தனை உயிர் பிழைக்கிறது என்று எங்களில் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

ராமுத்தாய் பார்த்தாள். அப்போது அவளுடைய மகள் தமிழ்மதி கைக்குழந்தை. தோட்டத்து வேம்பில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, புருஷன் பெருமாள்சாமியோடு தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரம். வேலிக்குள் ஏதோ மெதுவாக நகர்ந்தது. ஒரு சாண் உடம்பு, வால் கிடையாது, தீக்குச்சி போன்ற கைகால், முகமெல்லாம் கண். வயிற்றில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் நின்று நிதானமாகக் குட்டியைப் பிய்த்து ஒரு கவட்டையில் பிடித்துக்கொள்ள வைத்தது. பிறகு தான் மட்டும் பூச்சி தேடிப் போய்விட்டது. குட்டி கிளையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"இதென்னங்க?"

"இதுதான் தேவாங்கு" என்றார் பெருமாள்சாமி.

"இதையா என்னையச் சொல்றாக?"

"ஆமா. நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வாய்க்காலை அடைக்கப் போய்விட்டார்.

அவள் தூளியைப் பார்த்தாள், கவட்டையைப் பார்த்தாள், சிரித்தாள். அன்றிலிருந்து தேவாங்கு என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராத ஆளைக் கேலி செய்து என்ன பிரயோசனம்? ஊரும் கொஞ்சநாளில் விட்டுவிட்டது.

அதன் பழக்கவழக்கமெல்லாம் போகப்போக அவளுக்குத் தெரிந்தது. பகல் முழுக்க வேலியின் அடர்ந்த மூலையில் நாலைந்து சேர்ந்து பந்தாகச் சுருண்டு தூங்கும். இருட்டத் தொடங்கினால் ஒவ்வொன்றாகப் பிரிந்து கிளம்பும். எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, எதையும் விடாது. தன் மூத்திரத்திலேயே கையைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளும். தாவத் தெரியாது, ஒரு கையை விட்டு மறு கையைப் பிடித்துத்தான் போகும். தரையில் இறங்கப் பயப்படும். வேலி இருக்கிற வரைக்கும்தான் அதற்கு ஊர். வேலி அறுந்த இடத்தோடு அதன் உலகம் முடிந்தது. அதை மிரட்டினால் ஓடாது. பிடித்த கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு, அப்படியே உறைந்துவிடும்.

ராமுத்தாய் இதற்கெல்லாம் தோதாகவே வேலை செய்தாள். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வேலியை இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டினால், அவள் இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறு பக்கம் என்று வெட்டினாள். வண்டிப் பாதைக்காக வேலியில் ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். அங்கே இரண்டு பக்கத்துக் கிளைகளையும் கயிறு போட்டு இழுத்து, தலைக்கு மேலே வளைவாகக் கட்டினாள். தேவாங்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தரை மிதிக்காமல் போகிற பாலம் அது. டிராக்டரின் மேல்பக்கம் அதில் உரசும்போதெல்லாம் கொழுந்தன் பாண்டியராஜ் திட்டுவான். தேவாங்கு முடி தாயத்துக்கு ஆகும் என்று சாக்குப்பையோடு வந்த ஒருவனை அவள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு பஸ் ரோடு வரைக்கும் துரத்தியதை ஊரே பார்த்தது.

பாண்டியராஜ் பெருமாள்சாமியின் தம்பி. அண்ணன் தம்பி நிலம் பிரித்தபோது வேலிக்கு மேற்கே அண்ணனுக்கும் கிழக்கே தம்பிக்கும் விழுந்தது. வேலி நடுவில் நின்றது. பெருமாள்சாமி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபிறகு, அந்தத் தோட்டத்தில் அவளுக்கு உழவு ஓட்டிக் கொடுத்ததும் மோட்டார் கெட்டால் இறங்கிப் பார்த்ததும் பாண்டியராஜ்தான். கெட்டவன் இல்லை. ஆனால் வேலி விஷயத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஆகாது. வேலி நிழலில் வெள்ளாமை ஏறவில்லை, காட்டுப்பன்றி வேலிக்கடியில் நுழைந்து கிழங்கைத் தோண்டுகிறது, பக்கத்து ஊர்களில் எல்லாரும் கல்லுக்கால் நட்டுக் கம்பி போட்டுவிட்டார்கள் என்பான். எல்லாம் உண்மைதான். ஒரு நாள் கயிறு பிடித்து அளக்கவே வந்துவிட்டான். ராமுத்தாய் வேலியோரத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தாள். சாப்பிடவும் போகவில்லை. சாயந்திரம் அவன்தான் இறங்கி வந்தான்.

"சரி மதினி, எந்திரிங்க. நீங்க இருக்கிற வரைக்கும் இந்த வேலிய நான் தொடமாட்டேன். போதுமா?"

அந்த வாக்கை அவன் வருஷக்கணக்கில் காப்பாற்றினான். கோளாறு அவனிடம் இல்லை. ராமுத்தாய்தான் வாய்ச்சொல்லை நம்பாமல் பலகையை நம்பினாள்.

பலகை வந்த கதை இது. வடக்கே கடவூர்ப் பக்கத்துக் காட்டில் தேவாங்குகளுக்கென்று சரணாலயம் அறிவித்திருந்தார்கள். அதன் பிறகு, காட்டுக்கு வெளியே தோட்ட வேலிகளில் எத்தனை இருக்கின்றன என்று பார்க்க ஒரு குழு ஊர் ஊராக வந்தது. அதில் பவித்ரா என்ற பெண் எங்கள் பக்கத்துக்கு வந்தாள். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்துக்காரி, தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டுப் பெண், காட்டு உயிர்களைப் பற்றிப் படித்தவள். இருட்டியதும் ராமுத்தாயின் வேலியில் சிவப்பு விளக்கை அடித்துப் பார்த்தாள். கரட்டிலிருந்து பஸ் ரோடு வரைக்கும் அறுபடாத வேலியை வேறெங்கும் பார்க்கவில்லை என்று சொல்லி ராமுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்த வேலியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அவள்தான். ராமுத்தாய்க்குத் தலை கால் புரியவில்லை. கத்தரிக்காய் வெஞ்சனமும் சோறும் போட்டாள், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"தாயி, இங்கன ஒரு போர்டு வையேன். வெட்டக்கூடாது, சட்டம் இருக்குன்னு எழுதி வையி."

"ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வைக்கலாமுங்களேம்மா" என்றாள் பவித்ரா.

"ஊரைக் கேட்டா ஊரு வேண்டாம்னுதான் சொல்லும். நான் இன்னும் எம்புட்டு நாளைக்கு இருக்கப் போறேன்? எனக்குப் பொறவு அந்த போர்டு நிக்கும்ல."

இப்படிக் கேட்டால் யார் மறுப்பார்கள்? அடுத்தமுறை வரும்போது பவித்ரா பலகையோடு வந்தாள். மஞ்சள் பலகை, பச்சை எழுத்து. இந்த வேலியில் தேவாங்கு வாழ்கிறது, வெட்டக் கூடாது என்று பெரிதாகவும், சட்டத்தின் பெயர் அதைவிடப் பெரிதாகவும் எழுதியிருந்தது. சட்டத்தின் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னது ராமுத்தாய். வண்டிப் பாதையின் ஓரத்தில் சிமெண்ட் வைத்து ஊன்றினார்கள்.

எங்கள் ஊருக்குப் பலகையைப் பற்றி ஒரு அனுபவம் உண்டு. பலகை வைத்த இடம் எதுவும் பிறகு நம் இடமாக இருந்ததில்லை. ரோடு அகலப்படுத்தக் கல் ஊன்றிப் பலகை வைத்தார்கள், புளியமரங்களோடு நிலம் போனது. மேய்ச்சல் பொறம்போக்கில் பலகை வைத்தார்கள், மறுவருஷம் உள்ளே ஆடு விடமுடியவில்லை. மஞ்சள் பலகையைப் பார்த்ததும் ஊர் தானே முடிவுக்கு வந்துவிட்டது. தேவாங்கு இருக்கிற தோட்டத்தையெல்லாம் சரணாலயத்தில் சேர்க்கப்போகிறார்கள். கிணறு ஆழப்படுத்த முடியாது, மோட்டார் மாற்ற முடியாது, விற்க முடியாது. யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும் இன்னொருவரைக் காட்டினார்கள். கரட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கிற ஆரோக்கியதாஸ், "என் வேலியிலயும் அந்தச் சனியன் இருக்கே" என்று தூக்கமில்லாமல் திரிந்தார்.

பாண்டியராஜ் வந்தான்.

"மதினி, அந்த போர்டப் புடுங்கிருங்க. வேலியத் தொடமாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். போர்டு மட்டும் வேண்டாம்."

"நீ தொடமாட்டப்பா. ஆரோக்கியதாஸ் தொடமாட்டாரா? கரட்டுப் பக்கம் ஒரு எடத்துல அறுந்தாலும் இங்கன உள்ளது அம்புட்டும் சாகும். போர்டு நின்னா எல்லாரும் பயப்படுவாங்கல்ல."

"பயப்படுறாங்க மதினி. அதத்தான் சொல்ல வந்தேன்."

இந்த இடத்தில் அவள் அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தன்னுடைய பக்கம் நியாயம் இருக்கிறவர்களுக்கு எதிராளியின் முகத்தைப் பார்க்கத் தோன்றாது.

"ஒன் எடத்த ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க. நாளைக்கே திண்டுக்கல் போறேன். ஆபீசுல கேட்டு அதிகாரியவே கூட்டியாரேன். அவர் வாயால கேட்டுக்க."

அவனைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். அவன் காதில் விழுந்தது அதிகாரி வருகிறார் என்பது மட்டும். அது விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதிகாரி வந்து தேவாங்கைப் பார்த்தால் எழுதிக்கொண்டு போவார். எழுதிவிட்டால் போயிற்று. அதனால் அவர் வரும்போது தேவாங்கு இருக்கக் கூடாது. தேவாங்கு இருக்கக் கூடாதென்றால் வேலி இருக்கக் கூடாது. இவ்வளவுதான் எங்கள் ஊர் போட்ட கணக்கு. அதில் ஒருவரும் தப்புக் காணவில்லை.

மறுநாள் ராமுத்தாய் காலை பஸ்ஸில் போய் வனத்துறை அலுவலகத்தில் காத்திருந்தாள். அதிகாரி நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். "பட்டா நிலத்த நாங்க ஏம்மா எடுக்கப் போறோம்? சரணாலயம் காட்டுக்கு மட்டும்தான். நாளைக்குக் காலைல நானே வந்து ஊர்ல சொல்றேன்" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பாண்டியராஜுக்குப் பிடிக்குமே என்று காராச்சேவு வாங்கிக்கொண்டாள். கொழுந்தனை எப்படிக் கேலி செய்வது என்று யோசித்துக்கொண்டே நத்தம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள்.

ஊர் விலக்கில் இறங்கியதும் வாசனை வந்தது. கிளுவையை வெட்டினால் ஒரு பிசின் வாசனை வரும், கோயிலில் புகை போட்டதுபோல. யாரோ கவாத்துப் பண்ணுகிறார்கள் என்று நினைத்தாள். நாலடி நடந்து நிமிர்ந்தால் எதிரே கரடு தெரிந்தது. உச்சியிலிருந்து அடிவரைக்கும், அடிவாரத்துப் பாறைகள் உட்பட முழுசாகத் தெரிந்தது. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் நின்று கரட்டின் அடியை அவள் பார்த்ததில்லை. நடுவில் எப்போதும் வேலிகள் இருந்தன.

பொக்லைன் வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தது. ஆரோக்கியதாஸ் தோட்டத்தில் தொடங்கி பாண்டியராஜின் எல்லை வரைக்கும், அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்ற வேலியையும் சேர்த்து, ஒரே மூச்சில் பிடுங்கியிருந்தார்கள். வாடகை எந்திரம் வந்திருக்கிறதே என்று, பலகையைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூடத் தங்கள் வேலியையும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வேரோடு, கொடியோடு, மண்ணோடு அங்கங்கே குவியல் குவியலாகத் தள்ளியிருந்தது. பாண்டியராஜ் அவளைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அதிகாரி வரல?"

"நாளைக்கு வாரார். எடுக்கமாட்டோம்னு சொல்றதுக்கு வாரார்."

அவன் குவியலின் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்: "அதுக ஓடியிருக்கும் மதினி. இம்புட்டுச் சத்தத்துல ஓடாமயா இருக்கும்?"

"அது ஓடாதுப்பா. பயந்தா இறுக்கிப் புடிக்கும்."

அவள் குவியலில் கையை விட்டு இழுக்க ஆரம்பித்தாள். அரிவாள் வேண்டாம் என்றாள், உள்ளே உயிரோடு இருந்தால் பட்டுவிடும். முள் கிழித்தது. செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பாண்டியராஜ் அவளுக்குப் பக்கத்தில் வந்து தானும் இழுத்தான். முதல் குவியலில் நாலு ஒன்றாக இருந்தன, தூங்கும்போது இருந்தபடியே ஒன்றையொன்று கட்டிக்கொண்டு. நசுங்கியிருந்தன. அடுத்ததில் ஒரு தாய். கிளையைப் பிடித்த கையை விரல் விரலாக விரித்துத்தான் எடுக்க முடிந்தது. குட்டி அதன் வயிற்றிலேயே இருந்தது. பாண்டியராஜ் அதைக் கையில் வாங்கியதும் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நாற்பது வயதைத் தாண்டிய மனிதன் அப்படி அழுவதைப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. காலையில் எந்திரம் வந்தபோது இந்த அழுகை எங்கே போயிருந்தது?

ஒன்று மட்டும் உயிரோடு கிடைத்தது. பிடித்திருந்த கிளையோடு அதை ஒடித்துக் கூடையில் வைத்தாள். காலையில் அதிகாரி வருவதற்குள் அதுவும் செத்துவிட்டது.

அதிகாரி சொன்னபடி வந்தார். நிலத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம். ஆரோக்கியதாஸ் மட்டும், "அப்ப இதுக்குக் கேசு வருமாய்யா?" என்று கேட்டார். யார் எந்திரத்தைக் கூட்டி வந்தது என்று அதிகாரி கேட்டதற்கு எல்லாரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தோம். ராமுத்தாயைப் பார்த்துக் கேட்டார். அவள் பாண்டியராஜின் கையைப் பார்த்தாள், முள் கிழித்து வீங்கியிருந்தது. "நான் ஊர்ல இல்லைங்கய்யா" என்றாள். அவர் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஊரில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

மழைக்குப் பிறகு ராமுத்தாய் குவியல்களிலிருந்து போத்துகளைப் பொறுக்கித் தன் எல்லையில் வரிசையாக ஊன்றினாள். கிளுவைக்கு மனிதன்மேல் கோபம் கிடையாது, யார் வைத்தாலும் வரும். இவளுடையதும் துளிர்த்தது. பாண்டியராஜ் கம்பி வேலி போட்டும் அதை ஒட்டி அவனும் சில போத்து வைத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கரட்டுக்கும் அவளுடைய தோட்டத்துக்கும் நடுவில் இப்போது வெட்டவெளி. தரையில் இறங்காத பிராணி அதை எப்படிக் கடக்கும்? சாயந்திரமானால் முன்பெல்லாம் வேலியோரம் நிற்பாள். இப்போது வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குள் போய்விடுகிறாள்.

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். நான் அப்போது ராமுத்தாயிடம் கத்தரி நாற்றுக் கேட்டுப் போயிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவள் பேசுவாள்.

"நல்லா இருக்கீங்களாம்மா? மறுபடியும் பார்க்க வரணுமுங்க. நம்ம தேவாங்கெல்லாம் எப்படி இருக்குதுங்க?"

ராமுத்தாய் ஒரு நாற்றைப் பிடுங்கி மண்ணை உதறினாள். ஊரைப் பயமுறுத்தி வெட்ட வைத்த பலகையை ஊன்றியது அந்தப் பெண்ணின் கை. என்ன சொல்வாள்?

"அதுக கரட்டுக்குப் போயிருச்சு தாயி. இங்கன வேலிய எடுத்துக் கம்பி போட்டுட்டாங்க. அதுக மேல ஏறிப் போயிருச்சு. நல்லாத்தான் இருக்கு."

"அப்படிங்களா!" பவித்ராவின் குரல் இலேசானது. "வேலி போனாலும் அதுங்களே நகர்ந்துக்குமுங்களா? நாங்க செத்துப்போகும்னுல்ல நெனச்சோம். அய்யலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல வேலிய எடுக்க விடமாட்டோம்னு அந்தத் தோட்டத்துக்காரப் பெரியவர்கூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோமுங்கம்மா. நகர்ந்துக்கும்னா அவரை ஏன் தொந்தரவு பண்ணணும், எடுத்துக்கட்டும்னு விட்றலாமுங்க."

ராமுத்தாய் கண்ணை மூடினாள். நாற்று கையிலேயே இருந்தது.

"எடுக்க விட்றாத தாயி" என்றாள். "நான் பொய் சொன்னேன். ஒண்ணும் போகல. அம்புட்டும் செத்துப்போச்சு. நாம வச்ச போர்டப் பாத்துப் பயந்துதான் வெட்டுனாங்க. அங்கன போய் அந்தப் பெரியவர்கிட்ட உக்காந்து பேசு. எம்புட்டு நாளானாலும் பேசு. போர்டு மட்டும் வச்சிராத."

பவித்ரா மெல்லச் சொன்னாள்.

"போன வாரமே வச்சுட்டோமுங்கம்மா."

ராமுத்தாய் நாற்றைக் கீழே வைத்தாள். அய்யலூருக்கு எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்று என்னிடம் கேட்டாள்.